சூரியனுக்குப் பீஸ் கட்டை கிடையாது

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை மாலை.

அன்புள்ள மச்சான் சாலமோனுக்கு,

உன் அக்காள் ஞானம்மாவின் வீட்டுக்காரன் எபினேசர் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அக்காளும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் தங்கச்சி மேரியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொன்ன பிறகுதான் ஆமென் போடுகிறேன். நீ என்னோடு பேசாமலிருந்தாலும் அதில் ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லை. நிற்க. மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை மொட்டைமாடி ஏறி சோலார் பேனல் கழுவப்போகிறாய் என்று உன் அக்காள் போனில் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் படியில் கால் வைக்காதே. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும். இப்போதைக்கு உயிர் போகிற காரியம் என்று மட்டும் வைத்துக்கொள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிக்கலாம். போனில் சொல்லலாம் என்றால் நீதான் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாயே. திங்கட்கிழமை பக்கத்து வீட்டுத் துளசிராமன் போனிலிருந்து கூப்பிட்டேன். அலோ என்று நான் சொன்னதுதான் தாமதம், வைத்துவிட்டாய். செவ்வாய்க்கிழமை டீக்கடைக்காரரிடம் போனை வாங்கி, குரலைக் கொஞ்சம் மெலிதாக்கிக்கொண்டு, "சாலமோன் சாருங்களா?" என்றேன். "இன்னா மாமா, பொம்பள கொரல்ல பேசுனா எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அதையும் வைத்துவிட்டாய். டீக்கடையில் நின்றிருந்த நாலு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். சரியென்று தங்கச்சி மேரிக்கு அடித்தேன். "அண்ணா, உங்ககூட பேசுனேன்னு தெரிஞ்சா ஊட்ல பேஜாராப் பூடும்ண்ணா" என்றது, நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. தபால்காரர் கையில் கொடுப்பதை யாரும் வாங்கித்தானே ஆகவேண்டும், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அக்காள் தினமும் உன்னோடு பேசுகிறாளே, அவளிடம் சொல்லி அனுப்பக்கூடாதா என்று நீ கேட்பாய். அவள் உன்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது மூன்று தடவை பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா, எங்க தம்பிகிட்ட பேசணுமா? நீங்கதான உசுரு இருக்கிற வரைக்கும் பேசமாட்டேன்னீங்க?" என்று போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்க வந்தேன்" என்று சொல்லி மூன்று தடவையும் தண்ணீர் குடித்தேன். அவளிடம் உன் விஷயத்தைச் சொல்ல வேண்டுமானால் என் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம்தான் மச்சான், வேறொன்றும் இல்லை. ஆறு நாளாக என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, சோறு இறங்கவில்லை, சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை தாள் என்று காலண்டரை எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் பிப்ரவரி மாதத்துக் கதையை முடித்துவிடுகிறேன். உன் புதுவீட்டுப் பிரதிஷ்டை அன்று நான் செய்தது தப்பே இல்லை, அதில் மாற்றமில்லை. பந்தல் சீரியல் செட்டின் ஒயர் டேப் பிய்ந்துபோய் இரும்புக் கம்பத்தில் உரசிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏழெட்டுப் பிள்ளைகள் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். உன்னிடம் வந்து சொன்னேன். "பாஸ்டர் ஜெபம் முடிக்கட்டும் மாமா" என்றாய். முப்பத்தொரு வருஷம் சிப்காட்டில் ரோலிங் மில் ஃபிட்டராக இருந்தவன் ஜெபம் முடிகிற வரைக்கும் கைகட்டி நிற்பானா? நேராகப் போய் மீட்டர் பெட்டியிலிருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த வீட்டுக்கு வெளிச்சத்தைக் கட்டளையிடும் ஆண்டவரே என்று பாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? ஒயரை ஒதுக்கிக் கட்டினேன், புது டேப் சுற்றினேன். அதற்குள் எங்கள் ஊருக்குப் போகிற வேன் கிளம்புகிறது என்று சத்தம் போட்டார்கள், ஓடிப்போய் ஏறிவிட்டேன். கட்டை பையிலேயே இருந்துவிட்டது. என் போனிலும் சார்ஜ் இல்லை. மறுநாள் உன் அக்காள் துவைக்க எடுத்தபோது சட்டையிலிருந்து டொக்கென்று விழுந்தபோதுதான் எனக்கே தெரியும். நூற்றைம்பது பேர் செல்போன் வெளிச்சத்தில் பிரியாணி சாப்பிட்டு, எலும்பையும் கறிவேப்பிலையையும் ஒன்றாக மென்று, மோட்டார் ஓடாததால் கைகழுவத் தண்ணீர் இல்லாமல் பேப்பரில் துடைத்துக்கொண்டு போனதாகப் பிறகு போன் போட்டுச் சொன்னாய். "இனிமே என் ஊட்டுப் பக்கம் காலெடுத்து வைக்காதீங்க" என்றாய். "உன் வாசல மிதிச்சேனா நான் எபினேசரே இல்ல" என்று நானும் சூட்டோடு சூடாகச் சொல்லிவிட்டேன்.

பீஸ் கட்டை விஷயத்தில் நான் ஏன் இப்படி என்று உனக்குத் தெரியாது, சொன்னதில்லை. மில்லில் என்னோடு அந்தோணி என்று ஒருவன் இருந்தான். ஒரே ஷிப்ட், ஒரே பெஞ்சில் சாப்பாடு. ஒரு நாள் ரோலருக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். கட்டையைப் பிடுங்கி மேஜைமேல் வைத்திருந்தோம். அடுத்த ஷிப்டுக்கு வந்தவன், யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நல்ல மனதோடு எடுத்து மாட்டிவிட்டான். அதற்கு மேல் எழுத எனக்குக் கை ஓடாது. அன்றிலிருந்து எந்த வேலையானாலும் கட்டையை நானே பிடுங்கி, என் பையில் போட்டு, வேலை முடிந்த பிறகு என் கையாலேயே மாட்டுவேன். பாதுகாப்பு வாரத்துக்கு வாசகம் எழுதச் சொன்னபோதுகூட "கட்டை என் பையில், உயிர் என் கையில்" என்று எழுதி எவர்சில்வர் குடம் பரிசு வாங்கினேன். அந்தக் குடத்தில்தான் உன் அக்காள் இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரதிஷ்டை அன்று மாலை, சண்டைக்கு முன்னால், உன் மாடியில் புதிதாகப் போட்டிருந்த பேனல்களை எனக்குக் காட்டினாய். தூசி படிந்தால் கழுவ வேண்டுமாம் என்றாய். அப்போது நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "கீழ பீஸ் கட்டையப் புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கோ. அப்பாலிக்கா பைப்ப வச்சு மேலயும் அடியிலயும் நல்லா அடி. ஒயர்ல கை பட்டாக்கூட ஒண்ணும் ஆவாது. நான் கேரண்டி." அந்தக் கேரண்டி என்ற வார்த்தையை யாராவது டிவி விளம்பரத்தில் சொன்னால்கூட இப்போது எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

எங்கள் ஊர் தூசி உனக்குத் தெரியும். உங்கள் ஆர்.கே.பேட்டையில் பேனல்மேல் படிவது மண். இங்கே என் வீட்டு மாடிப் பேனல்மேல் படிவது மில்லிலிருந்து வருகிற கரி. வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் ஐயப்பசாமிக்கு மாலை போட்ட வேட்டியாகத்தான் திரும்பி வரும். துளசிராமன் வேறு தினமும் சாயங்காலம் மதில்மேல் போனை நீட்டி, "சார், எங்க ஊட்ல இன்னிக்கு பதினாலு யூனிட்டு. உங்களுக்கு எவ்ளோ?" என்று கேட்பான். எங்கள் வீட்டில் பத்துக்கு மேல் ஏறவில்லை. போன சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மாடி ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கீழே ஃபேன் நின்றது. ஃபேன் நின்றால் கரண்ட் இல்லை, அதுதான் நான் படித்த படிப்பு. பக்கெட்டில் சோப்புத்தூளைக் கலக்கி, இரும்புக் குழாய் வைத்த மாப்பைக் கையில் எடுத்து, குளிர்ந்த தண்ணீரைப் பைப்பில் ஓங்கி அடித்தேன். கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடி சடக்கென்றது. ஓரத்திலிருந்து மூலைக்குக் கோடு விட்டுவிட்டது. பதறிப்போய் அடியில் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று ஈரத்தரையில் குத்துக்காலிட்டுக் குனிந்து பார்த்தேன். அணில் கடித்த இரண்டு ஒயர் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைதான் பையில் இருக்கிறதே என்ற தைரியத்தில், சோப்புக் கையோடு அதை ஒதுக்கிவிட்டேன்.

மச்சான், மில்லில் நான் ஷாக் வாங்காதவன் இல்லை. அது ஆளைத் தூக்கி எறியும், எறிந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து அம்மா என்று சொல்லிக்கொள்ளலாம். இது எறியவில்லை. பிடித்துக்கொண்டது. கையை எடுக்க நினைக்கிறேன், கை என் பேச்சைக் கேட்கவில்லை. கத்த நினைக்கிறேன், வாய் திறக்கவில்லை. சட்டைப்பையில் கட்டை நெஞ்சை உறுத்திக்கொண்டு இருக்கிறது, கரண்ட் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தோணி முகம் வந்தது. உன் அக்காள் கீழே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போகப்போகிறோமே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் கால் சோப்பு நுரையில் வழுக்கி, பக்கெட்டோடு மல்லாக்க விழுந்தேன். விழுந்த வேகத்தில் கை பிய்த்துக்கொண்டு வந்தது. பேனலுக்குச் சோப்பே போடக்கூடாதாம், பிறகு சொன்னார்கள். ஒரு தப்பு கொல்லப் பார்த்தது, இன்னொரு தப்பு காப்பாற்றியது. இப்படியும் ஆண்டவர் ஆளைப் பிழைக்கவைக்கிறார்.

கீழேயிருந்து உன் அக்காள், "இன்னா அது சத்தம்?" என்றாள். "பக்கெட்டு விழுந்துச்சு" என்றேன். பக்கெட்டும் விழுந்தது உண்மைதானே. வலது கையால் இட்லி பிய்க்க முடியாததைப் பார்த்துவிட்டுச் சுளுக்கு என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதற்கு முன்னால் தைலம் தேய்த்துவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் பாட்டு முடிகிறவரை தும்மிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை பேனல் கம்பெனியிலிருந்து ஒயர் மாற்ற ஜோதிலட்சுமி என்று ஒரு பெண் திருவள்ளூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். வந்ததும் வராததுமாக ரப்பர் செருப்பு, ரப்பர் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டாள். இந்த வெயிலில் இவ்வளவு அலங்காரமா என்று மனதுக்குள் சிரித்தேன். "கரண்ட்ட ஆஃப் பண்ணீங்களா சார்?" என்றாள். பெருமையாகப் பையைத் தட்டிக் காட்டினேன். உன் அக்காள் கடைக்குப் போயிருந்த தைரியத்தில் நடந்ததையும் சொன்னேன். அந்தப் பெண் கையை உயர்த்தி வானத்தைக் காட்டினாள். "சார், அந்தக் கட்டை கம்பத்துலருந்து ஊட்டுக்கு வர்ற கரண்ட்டுக்கு. மேல வெயில் அடிச்சிக்கினு இருக்குதே, அத்த எந்தப் பாக்கெட்ல போடுவீங்க? சூரியனுக்குப் பீஸ் கட்டை கிடையாது சார்" என்றாள். கீழே ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வெளிச்சம் விழுகிற வரைக்கும் பேனலும் அதன் ஒயரும் உயிரோடுதான் இருக்குமாம். ஆறு பேனலையும் வரிசையாகக் கோத்தால் வீட்டுக் கரண்ட்டுக்கு அது இளைத்ததில்லையாம். "இத்தெல்லாம் பேப்பர்ல எழுதிக் குடுத்தமே சார்?" என்றாள். அந்தப் பேப்பரை உன் அக்காள் அலமாரியில் விரித்து, மேலே ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறாள். ஜோதிலட்சுமி விடாப்பிடியாகச் சொன்னதால், ரேஷன் கடைக்கு என்று பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜியும் எடுத்தேன். இதயத்துக்கு ஒன்றுமில்லை, பயம்தான் அதிகமாக இருக்கிறது என்றார் டாக்டர்.

பயம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை இருட்டின பிறகு மாடி ஏறி, எல்லா பேனல்களையும் கம்பளிப் போர்வை, பெட்ஷீட், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கிய சாக்கு என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு மூடிவிட்டேன். வெளிச்சம் பட்டால்தானே வம்பு? புதன்கிழமை யூனிட் சைபர். துளசிராமன் மதில்மேல் எக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பேனலுக்கு ஜுரமா? போத்திப் படுக்க வச்சிகீறீங்க?" என்றான். மத்தியானக் காற்றில் ஒரு பெட்ஷீட் பறந்துபோய் அவன் வீட்டு ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டது. அது நம் வீட்டுப் பெட்ஷீட்தான் என்று உன் அக்காள் அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். பேனலுக்கு நிழல் தேவை என்று ஏதோ உளறிவைத்தேன். அவள் நம்பவில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆகையால் மச்சான், பிப்ரவரி மாதம் நான் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். கட்டையைப் பிடுங்குவது நல்ல பழக்கம், ஆனால் அது மட்டும் போதாது. வெயில் ஏறுவதற்கு முன்னால், கண்ணாடி தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது கழுவ வேண்டும். அதற்கு முன் இன்வெர்ட்டரையும், மேலேயிருந்து ஒயர் இறங்குகிற பெட்டியின் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் பேனலுக்கு அடியில் கை நீட்டக்கூடாது, அந்த ஒயர் செத்துவிட்டது என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பக்கூடாது, நான் செய்தாலும்தான். அடியில் தண்ணீர் அடிக்காதே. இரும்புப் பிடி வேண்டாம், காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் ஏறாதே, மேரியைக் கீழே நிற்கவைத்துவிட்டு ஏறு. விரிசலோ உரிந்த ஒயரோ கண்ணில் பட்டால் தொடாமல் இறங்கிவந்து கம்பெனிக்குப் போன் செய். இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அனுபவமுள்ளவனின் தகவல் என்று வைத்துக்கொள்.

இதனால் நான் இறங்கிவந்துவிட்டதாக நினைக்காதே. பந்தல் ஒயர் விஷயத்தில் நான் செய்ததுதான் சரி. உன் வாசலை மிதிப்பதில்லை என்ற என் தீர்மானத்திலும் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடக்கிற ஜெபக்கூட்டம் நல்லபடியாக நடக்கவும், உன் கையின் பிரயாசம் ஆசீர்வதிக்கப்படவும், பிள்ளைகள் பரீட்சை நன்றாக எழுதவும் ஆண்டவரை வேண்டுகிறேன். தங்கச்சி மேரிக்கு என் ஸ்தோத்திரம். ஈசிஜி விஷயம் உன் அக்காளுக்குத் தெரியக்கூடாது.

இப்படிக்கு,
உன்னோடு பேசாவிட்டாலும் உன் மாமன்,
ம. எபினேசர்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை இதைத் தபால் ஆபீஸில் கொடுத்தேன். "திங்கக்கெழமதான் சார் போய்ச் சேரும்" என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. நீ மாடி ஏறுவது சனிக்கிழமை. கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இன்று விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து, திருவள்ளூரில் மாறி, திருத்தணியில் மாறி, ஆர்.கே.பேட்டை வந்து இறங்கும்போது மணி பத்தரை. வழியில் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரை மனதுக்குள் திட்டினேன், அவர் மன்னிக்க வேண்டும். உன் தெருவில் திரும்பினால், சுட்டெரிக்கிற வெயிலில் நீ பைப்பும் கையுமாக மாடியில் நிற்கிறாய். சிறு திருத்தம், அனுபவமுள்ளவனின் தகவல் எதுவும் என் வாயில் வரவில்லை. "தொடாத மச்சான்! நான் சொன்னது தப்பு! தப்புடா மச்சான், தப்பு!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தேன்.

நீ கைப்பிடிச்சுவரில் சாய்ந்து, "இன்னா மாமா, தண்ணி டேங்க் கழுவுறதுல இன்னா தப்பு?" என்றாய். பேனலை அஞ்சரை மணிக்கே கழுவிவிட்டாயாம். எப்படிக் கழுவ வேண்டும் என்று பேனல் மாட்டின பையன் முதல் நாளே சொல்லிவிட்டுப் போனானாம். "அப்ப நான் சொன்னது?" என்றேன். "நீங்க சொல்லி நான் எத்த மாமா கேட்டிருக்கேன்?" என்றாய்.

வேறு எந்த நாளிலாவது இதைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் உன்னோடு பேசியிருக்க மாட்டேன். இன்று உன் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெயிலில் மயக்கம் என்று நினைத்து மோர் கொண்டுவரச் சொன்னாய். மயக்கம் இல்லை மச்சான், சந்தோஷம். இப்போது நீ கறி வாங்கப் போயிருக்கிறாய், மேரி மசாலா அரைத்துக்கொண்டிருக்கிறது, நான் இதை உன் தலையணைக்கடியில் வைக்கப்போகிறேன். சிறு திருத்தம் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, பெரிய தப்பு என்று வைத்துப் படி. மற்றபடி இத்தனை வருஷம் எப்படி இருந்தாயோ அப்படியே இரு. தயவுசெய்து என் பேச்சைக் கேட்டுவிடாதே.